பை கிடக்கட்டும், வாசலைப் பார்!



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தோல் தொழிலோடு தொடர்பில்லாத தெருவே குறைவு. அப்பா தோல் பதனிடும் டேனரியில் இருப்பார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் என்ற மேல்பாகம் தைப்பார். மாமா பெல்ட், பர்ஸ், கைப்பை செய்யும் பட்டறையில் கட்டிங் பார்ப்பார். அதனால் ஒரு நல்ல தோல் பையின் அருமையை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் சில நாளில் அழுகிவிடும். தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைத் தின்னத்தான் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையில் உள்ள டானினைக் கொண்டும், இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பைக் கொண்டும் அந்த இழைகளை ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பாக்டீரியாவால் அதை எளிதில் சிதைக்க முடியாது. அழுகப்போகும் தோலைப் பல ஆண்டு உழைக்கும் பையாக மாற்றும் வேதியியல் இது.

இவ்வளவு உழைப்பில் உருவான பையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போக வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. விமானத்தில் தீப்பிடித்து, "எல்லாரும் வெளியேறுங்கள்!" என்று பணியாளர்கள் கத்தும் நேரம். அந்த நேரத்தில் பையை ஏன் எடுக்கக் கூடாது? விமான நிறுவனம் போட்ட சட்டம் என்பதற்காகவா? இல்லை. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, நம் மூளையைப் பற்றிய அறிவியலும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துபாயில் நடந்தது

2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஈகே 521 விமானம் துபாய்க்குப் புறப்பட்டது. போயிங் 777 வகையைச் சேர்ந்த அந்த விமானத்தில் 282 பயணிகள், 18 பணியாளர்கள் என்று 300 பேர் இருந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

துபாயில் நண்பகல் வெயில். காற்று திசைமாறி வீசிக்கொண்டிருந்தது. விமானத்தின் சக்கரங்கள் ஓடுபாதையில் வழக்கத்தைவிடத் தள்ளித் தரையைத் தொட்டன. விமானிகள் மறுபடி மேலே எழும்பி, ஒரு சுற்று சுற்றிவந்து இறங்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் மேலே எழுவதற்குத் தேவையான உந்துவிசையை எஞ்சின்கள் உரிய நேரத்தில் தரவில்லை. சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொண்டிருந்தபோதே விமானம் கீழே அமர்ந்து, வயிறு உரச ஓடுபாதையில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு எஞ்சின் கழன்றது. தீ பிடித்தது.

உள்ளே எடுத்த காணொளி ஒன்றை அப்போது உலகமே பார்த்தது. புகை பரவிக்கொண்டிருக்கிறது. பணியாளர்கள் "சாமான்களை விடுங்கள், குதியுங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அந்த நேரத்திலும் சிலர் தலைக்கு மேலே உள்ள அடுக்கைத் திறந்து பைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விமானத்தில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துக் கதவுகள் உண்டு. ஆனால் காற்றில் தூக்கியடிக்கப்பட்டும் புகை சூழ்ந்தும் தரைக்கு இறங்க உதவும் காற்றடைத்த சறுக்குகளில் பல பயன்படாமல் போயின. அதனால் மீதி வழிகளில் கூட்டம் சேர்ந்தது. ஆனாலும் பணியாளர்களின் உழைப்பால் 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். விமானம் நின்று ஏறக்குறைய 9 நிமிடத்தில் அதன் எரிபொருள் தொட்டி வெடித்தது. தீயை அணைத்துக்கொண்டிருந்த வீரர் ஒருவர் அதில் உயிரிழந்தார். அந்த நிமிடங்கள் எவ்வளவு விலை உயர்ந்தவை என்று இப்போது புரிகிறது அல்லவா?

90 நொடிக் கணக்கு

ஒரு புதிய விமான வகையைப் பயணிகளுக்கு அனுமதிக்கும் முன் கடுமையான தேர்வு ஒன்று உண்டு. 44 இருக்கைகளுக்கு மேல் உள்ள விமானம் என்றால், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் 90 நொடிக்குள் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அதுவும் பாதிக் கதவுகள் மட்டுமே திறக்கும். எந்தக் கதவு திறக்கும் என்பது பயணிகளாக நடிப்பவர்களுக்குத் தெரியாது. வெளியே இருட்டு. வழியில் வேண்டுமென்றே பைகளையும் போர்வைகளையும் போட்டுவைத்திருப்பார்கள். கைக்குழந்தை அளவு பொம்மைகளையும் சிலர் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஏன் 90 நொடி? வெளியே எரிபொருள் எரியும்போது, உள்ளே மனிதர்கள் தாக்குப்பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. சுத்தமான அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். எரிபொருள் தீ அதைவிட வெப்பமானது. பழைய வகை விமானங்களின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. அது தீயைத் தடுத்துக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு நிமிடம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

2006 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏர்பஸ் ஏ380 என்ற இரண்டு மாடி விமானத்துக்கு இந்தத் தேர்வு நடந்தது. மொத்தம் 873 பேர். 16 கதவுகளில் 8 மட்டும் திறந்தன. 78 நொடியில் அனைவரும் வெளியே வந்துவிட்டார்கள்!

பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்கள். 873 பேரை 8 கதவுகளுக்குப் பிரித்தால் கதவுக்கு ஏறத்தாழ 109 பேர். 78 நொடியை 109 ஆல் வகுத்தால் ஆளுக்கு 0.72 நொடி வருகிறது. கதவு திறக்கவும் சறுக்கு விரியவும் ஆன நேரமும் இதற்குள் அடக்கம். ஒரு ஆளுக்கு முக்கால் நொடிகூட முழுதாக இல்லை. அந்தத் தேர்வில் வெளியே வந்தவர்கள் மேல் அடுக்கைத் திறந்து பை எடுக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பையால் யாருக்குத் தாமதம்?

நம் ஊர் மக்கள் சென்னையிலோ பெங்களூரிலோ ஏறும் விமானங்களில் பல, நடுவில் ஒரே நடைபாதை உள்ளவை. 30 வரிசை, வரிசைக்கு 6 பேர், மொத்தம் 180 பேர் என்று வைத்துக்கொள்வோம். நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. தரையிலிருந்து 64 சென்டிமீட்டர் உயரம் வரை குறைந்தது 38 சென்டிமீட்டர், அதற்கு மேல் குறைந்தது 51 சென்டிமீட்டர். நாம் கையோடு கொண்டுபோகும் பெட்டியின் அளவு பெரும்பாலும் 55, 35, 25 சென்டிமீட்டர். 38 சென்டிமீட்டர் வழியில் 35 சென்டிமீட்டர் பெட்டி! அதை இறக்கி நடைபாதையில் வைத்த அந்தக் கணமே வழி அடைபட்டுவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வரிசையில் ஒருவர் பை எடுக்க 5 நொடி நிற்கிறார். அவருக்கு முன்னால் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவருக்குப் பின்னால் 20 பேர் இருந்தால் அந்த 20 பேரும் தலைக்கு 5 நொடி நிற்க வேண்டும். எல்லாரிடமிருந்தும் சேர்த்து 100 நொடி போய்விட்டது. இன்னும் ஒரு படி யோசியுங்கள். ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேர் இப்படி நின்றால், கடைசி வரிசையில் இருப்பவருக்கு 50 நொடி தாமதம். 90 நொடியில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. பை எடுத்தவர் வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அவர் செலவழித்த நொடிகளுக்கான விலையை, அவர் முகத்தைக்கூடப் பார்க்காத யாரோ ஒருவர் கொடுப்பார். அது கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் இருக்கும் அம்மாவாக இருக்கலாம், மெல்ல நடக்கும் தாத்தாவாக இருக்கலாம்.

அவசரப்பட்டு முண்டினால் மட்டும் வேகம் வருமா? 1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில், புறப்படும் நேரத்தில் ஒரு விமானம் தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கிரான்ஃபீல்டு என்ற இடத்தில் ஹெலன் மியூர் என்ற பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். நிறுத்திவைத்த விமானத்தில் தன்னார்வலர்களை ஏற்றி, "முதலில் வெளியே வரும் பாதிப் பேருக்குத் தலைக்கு 5 பவுண்டு பரிசு" என்று அறிவித்தார். என்ன ஆனது தெரியுமா? குறுகலான வழிகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஒருவரை ஒருவர் நெருக்கி, யாருமே நகர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். குறுகிய கழுத்துள்ள குடத்தைத் திடீரென்று தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் திக்கித் திக்கித்தானே வரும்? வரிசை குலையாமல், இடைவெளி விடாமல், கையில் எதுவும் இல்லாமல் நகரும் கூட்டமே வேகமாக வெளியேறும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

மான்செஸ்டரில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. எரியும் பொருள்களிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இந்த வாயுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாகப் பற்றிக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு இடமே இருக்காது. சில மூச்சுகளில் தலை சுற்றும், கால் துவளும்.

சூடான புகை லேசானது. அதனால் முதலில் கூரைப் பக்கம் சேரும். பைகள் இருக்கும் அடுக்கும் அங்கேதான் இருக்கிறது! பை எடுக்க எழுந்து நிமிர்கிறவர், நச்சுக் காற்று மிகுந்த இடத்தில் தலையை நீட்டுகிறார். குனிந்து போகிறவருக்குத்தான் நல்ல காற்று கிடைக்கும். புகையில் கூரை விளக்கு தெரியாது என்பதால்தான் விமானத்தின் தரையை ஒட்டி ஒளிரும் வழிகாட்டிப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள்.

சறுக்கில் பை என்ன செய்யும்?

பெரிய விமானத்தின் கதவு தரையிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து இறங்கக் காற்றடைத்த சறுக்கு விரியும். சிலிண்டரில் அடைத்த வாயு பீய்ச்சும்போது சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அவ்வளவு பெரிய சறுக்கு 6 முதல் 10 நொடிக்குள் உப்பிவிடுகிறது. அதன் துணி பெரும்பாலும் நைலான். வெப்பத்தைத் திருப்பியடிக்க மேலே பளபளப்பான பூச்சு இருக்கும்.

இதில் பையோடு குதித்தால் மூன்று ஆபத்து. ஒன்று, பெட்டியின் கூர்மையான மூலையோ சக்கரமோ கொக்கியோ துணியைக் கிழிக்கலாம். ஒரு சறுக்கு கிழிந்தால் ஒரு கதவே போனது போல. இரண்டு, இரண்டு கையும் பையில் இருந்தால் உடம்பைச் சமநிலையில் வைக்க முடியாது. கீழே இறங்கும்போது குப்புற விழுவீர்கள். மூன்று, கைதவறிய பை கீழே நிற்பவர் மேல் விழும். 5 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 7 கிலோ எடையுள்ள பெட்டி அந்த வேகத்தில் ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்?

தெரிந்தும் ஏன் எடுக்கிறார்கள்?

அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டது. அவசரமாக வெளியேறியபோது, கைப்பை வைத்திருந்த பயணிகளில் பாதிக்கு நெருக்கமானவர்கள் அதை எடுக்க முயன்றிருந்தார்கள். பணம், பர்ஸ், கடன் அட்டை ஆகியவற்றைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

இவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் அல்ல. பயம் வரும்போது மூளை புதிதாக யோசிப்பதை விட்டுவிட்டு, பழகிய வேலையைச் செய்யத் தொடங்கும். விமானம் நின்றதும் எழுந்து பையை எடுப்பது நமக்குப் பழகிப்போன வேலை. அதனால் கை தானாக மேலே போகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெகுதூரத்திலிருந்து வரும் நோயாளிகளின் பையில் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் இருக்கும். வெளிநாட்டில் உழைத்துத் திரும்புகிறவரின் பையில் பல மாதச் சம்பளம் இருக்கும். அவர்கள் தவிப்பு நமக்குப் புரிகிறது. ஆனாலும் அறிக்கைக்கு நகல் வாங்கலாம், பாஸ்போர்ட்டைப் புதிதாக எடுக்கலாம், பையை மறுபடி தைக்கலாம். ஒரு தோலைப் பையாக மாற்றத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் நம் ஊரில் இருக்கின்றன. போன உயிரை மீட்டுத் தரும் கை எந்த ஊரிலும் இல்லை.

பழக்கத்தை முறியடிக்க ஒரே வழி, வேறொரு பழக்கத்தை முன்கூட்டியே உருவாக்குவது. அதற்குத்தான் ஒத்திகை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தீ ஏற்பட்டால் எந்த வழியாகத் தப்புவது என்று தொழிலாளர்களுக்குப் பழக்கித்தர வேண்டும் என்றது. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ கேளுங்கள். மணி அடித்தால் டிபன் பாக்ஸையும் கைப்பையையும் விட்டுவிட்டு வரிசையாக வெளியேறி, குறித்த இடத்தில் கூட வேண்டும் என்பார்கள். அதே பாடம்தான் விமானத்துக்கும்.

379 பேரும் தப்பினார்கள்

2024 ஜனவரி 2 மாலை. ஜப்பானின் டோக்கியோ ஹானேடா விமான நிலையம். ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 விமானம் இறங்கியபோது, ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதியது. நிலநடுக்கத்தில் தவித்த மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோக நின்றிருந்த விமானம் அது. அதில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தது பெரும் துயரம்.

பெரிய விமானத்தில் 8 கைக்குழந்தைகள் உட்பட 367 பயணிகளும் 12 பணியாளர்களும் இருந்தார்கள். 8 கதவுகளில் 3 மட்டுமே பாதுகாப்பாக இருந்தன. ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யவில்லை. பணியாளர்கள் கையடக்க ஒலிபெருக்கியிலும் உரத்த குரலிலும் வழி சொன்னார்கள். பயணிகள் பைகளை அப்படியே விட்டுவிட்டு, சொன்ன கதவை நோக்கி நகர்ந்தார்கள். 379 பேரும் வெளியே வந்தார்கள். அதன் பிறகு விமானம் முழுவதும் எரிந்து போனது. பைகளும் எரிந்தன. மனிதர்கள் பிழைத்தார்கள்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் துணையோடு வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்யலாம். நாற்காலிகளை இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டு, நடுவில் 40 சென்டிமீட்டர் வழி விடுங்கள். சாக்பீஸால் வாசல் ஒன்று வரையுங்கள். 20 பேர் உட்காருங்கள். தள்ளக் கூடாது, ஓடக் கூடாது, வேகமாக நடக்கலாம்.

முதல் சுற்றில் எல்லாரும் வெறுங்கையோடு வெளியேறுங்கள். கடைசி ஆள் வாசலைக் கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டாம் சுற்றில் நான்கில் ஒருவர் மட்டும் நாற்காலிக்கு அடியிலிருந்து புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வரட்டும். மறுபடி நேரம் குறியுங்கள். பை எடுத்தவர்கள் வெளியேறிய நேரத்தையும், பை எடுக்காமல் கடைசியில் இருந்தவர்களின் நேரத்தையும் தனித்தனியாக எழுதி, கட்டத் தாளில் வரைபடம் போடுங்கள். யாருடைய நேரம் அதிகமாக வீணானது என்று வரைபடமே சொல்லும்.

காலில் செருப்பு இருக்கட்டும்

நம் ஊர்த் தொழிலுக்கு நெருக்கமான ஒரு குறிப்பும் சொல்ல வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் செருப்பையோ ஷூவையோ கழற்றிவைக்கக் கூடாது. வெளியே உடைந்த கண்ணாடி, சூடான உலோகம், சிந்திய எரிபொருள் கிடக்கலாம். தோல் ஷூ இருந்தால் நல்லது. நைலான் 220 டிகிரிக்கு மேல் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். தோல் உருகிச் சொட்டாது, சுருங்கிக் கருகும். ஆனால் கூரான குதிகால் உள்ள செருப்பு மட்டும் சறுக்கைக் கிழித்துவிடும் என்பதால், குதிக்கும் முன் அதைக் கழற்றச் சொல்வார்கள்.

இதையெல்லாம் இப்போதே தெரிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமானதளம், சிறு நகரங்களை இணைக்கும் உதான் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் பகுதியிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் இனி கூடுவார்கள். அவர்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இருப்பார்கள், நாளைக்கு நீங்களும் இருப்பீர்கள். அதனால் இன்றைக்கே வீட்டில் இந்த நான்கையும் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் உள்ள கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தினமும் தேவைப்படும் மாத்திரை, பாஸ்போர்ட், செல்போன் ஆகியவற்றைச் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர் செய்துகாட்டும் பாதுகாப்பு விளக்கத்தை முழுதாகக் கவனியுங்கள். வெளியேறச் சொன்னால், மேலே பார்க்காமல் குனிந்து, வெறுங்கையோடு வாசலை நோக்கி நடங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.